நைலான் நரம்பு

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள் தாதிப் பெண்.
காந்தோஸ் மருத்துவமனை, கால்களுக்கென்றே ஓர் அறை.
கட்டிலோரம் தொங்கின என் இரண்டும்,
இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவர்கள் போல.
தூண்டில் நரம்பில் இரண்டு விரற்கடை வெட்டிப்
பேனா முனையில் செருகினாற்போல ஒரு கருவி.
பட்டால் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பட்டது, என்றேன்.
நான் இன்னும் தொடவே இல்லையே, மதாம்.

கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸுக்குப்
பத்தொன்பது வருடமாக டிக்கெட் கொடுக்கிறேன்.
பாதி வழி வந்துவிட்டு
இப்போதுதான் ஏறினேன் என்பவனை
முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன்.
இன்று அந்த முகம் என் கழுத்தின் மேல் இருந்தது.

ஜனவரியில் தீ மிதித்தேன்.
பத்து நாள் விரதம். மாத்திரையை மட்டும் விடவில்லை,
அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று.
மற்ற வருடங்களில் முதல் எட்டு சுடும்.
மூன்றாவதில் தாயே என்று தன்னால் வரும்.
அப்புறம் ஓட்டம், பால் குழி, குளிர்ச்சி, அழுகை.
இந்த வருடம் ஒன்றுமில்லை.
ஈர மணலில் போவதுபோல் போனேன்.
பால்கூடக் குளிரவில்லை.
பாக்கியவதி என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்,
சுடவே இல்லை பார், மனசு சுத்தம் என்றாள்.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொய் எதற்கு,
இரண்டு நாள் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தேன்.

மூன்றாம் நாள் காலுறை வரவில்லை.
இழுத்தபோது
என்னையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தது.

ஏழு வாரம் வேலை இல்லை.
ஏழு வாரம் சன்னலுக்கு வெளியே
கரும்பு ஆளுயரம் தாண்டி வளர்ந்தது.
சர்க்கரைத் தீவில் சர்க்கரை நோய் என்று
பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.
எனக்கு அந்தச் சிரிப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது.

சோதனை முடிந்து வெளியே வந்தால்
வராந்தாவில் பல்கலைக்கழகத்துப் பையன் ஒருவன் தாளோடு.
கடந்த நான்கு வாரங்களில் உங்கள் வாழ்க்கைத் தரம்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.

ரோஸ் ஹில்லில் வண்டி நிற்பது ஆறு நிமிடம்.
கேட்காமலே கழிப்பறைச் சாவியை நீட்டுகிற
சீனக் கடைக்காரர் ஆ-கியோங்கை
எந்த எண்ணில் சேர்ப்பது?
அக்கா மகன் கல்யாணத்தில், ஏழு கறியும் முடிந்து
பாயச வாளி என் இலையைத் தாண்டிப் போனதே,
பரிமாறிய பையனுக்கு யார் சொல்லி வைத்தது,
அதை எதில்?
மத்தியான ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.
மூன்று என்று போட்டுக்கொள், தம்பி.
மூன்றுக்குச் சில்லறை தேட வேண்டாம்.

ராத்திரி சதாசிவன் தன் தூண்டில் பெட்டியைக் கொட்டிக்
கிட்டத்தட்ட அதே கனத்தில் ஒரு நரம்பு வெட்டினான்.
வெல்டிங் பிடித்துக் காய்த்த விரல்கள்.
முப்பது வருடத்தில் என் பாதத்தை
இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை,
நான் உட்பட.
கண்ணை மூடு.
மூடினேன்.
பட்டது. பட்டது. கொஞ்சம் பொறுத்து, பட்டது.
ஒன்றுகூடத் தவறவில்லை.
அட, திரும்பி வருகிறதே என்றான்.
தொடும்போதெல்லாம் அவன் மூச்சைப் பிடிக்கிறான்.
காலுக்கு எட்டாததைக் காதால் வாங்கிக்கொண்டதை
நான் சொல்லவில்லை.

நாளை முதல் வண்டி நாலே முக்காலுக்கு.
தாதி சொல்லி அனுப்பியபடி
என் ஷூவைக் கவிழ்த்துத் தட்டினான்.
ஒரு ரூபாய்க் காசு விழுந்து
உருண்டு
கட்டில் காலில் முட்டி நின்றது.

மத்தியானத்திலிருந்து அதன்மேல் நின்றிருக்கிறேன்.
யாருக்கோ தர வேண்டிய மீதி.